மாற்றலாம்தான், எத்தனை இடத்தில்?

போனிலும் கணினியிலும் பிரவுசரையும் தேடுபொறியையும் நிறுவனங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைப்பது ஏன் என்று கேட்டால், "பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாமே" என்பதுதான் அவற்றின் வழக்கமான பதில். எல்லோரும் அப்படி மாற்றுபவர்கள் என்றால், ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் இயல்புநிலைத் தேடுபொறியாக இருப்பதற்கு கூகுள் 2022இல் மட்டும் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்திருக்குமா?

இந்த வகை ஒப்பந்தங்களால் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை வந்தது. பணம் கொடுப்பதற்குத் தடை வரவில்லை. பாதிக் கதவைத்தான் மூடியிருக்கிறார்கள்.

மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப் என்று போய் வேறு பிரவுசரைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை முடியாது. தேடுபொறியை அந்த பிரவுசருக்குள் தனியாக மாற்ற வேண்டும். முகப்புத் திரையிலுள்ள தேடல் பட்டை பல போன்களில் ஒரு விட்ஜெட், அதாவது திரையில் தனியாக வைக்கப்பட்ட சிறு கருவி. அது இந்த செட்டிங்கைக் கண்டுகொள்ளாது. அதை நீக்கிவிட்டுப் புது பிரவுசரின் விட்ஜெட்டை வைக்க வேண்டும். சில செயலிகள் இணைப்புகளைத் தங்களுக்குள்ளேயே திறக்கும். அதற்கான செட்டிங் அந்தச் செயலிக்குள் இருக்கும், இல்லாமலும் போகலாம். விண்டோஸ் 11 வெளியானபோது எச்.டி.எம்.எல்., எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ். என ஒவ்வொரு இணையக் கோப்பு வகைக்கும் இணைப்பு வகைக்கும் தனித்தனியாக பிரவுசரைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே பொத்தான் பிறகுதான் வந்தது.

எந்த பிரவுசர் வேண்டும் என்று பட்டியலிட்டுக் கேட்கும் தேர்வுத்திரையைக் காட்டினால் தீர்ந்துவிடுமா? அதையும் கண்காணிக்க ஆள் வேண்டும். ஐரோப்பிய ஆணையத்திடம் 2009இல் அப்படி வாக்குக் கொடுத்த மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 7இன் ஒரு பதிப்பில் அதைக் காட்டாமல் விட்டது. 2013இல் விழுந்த அபராதம் 56.1 கோடி யூரோ.