ஈத்தூண்டிலும் நீர்வண்ணமும்: அரியமான் கரையில் செய்து பார்த்தது

நான் நீர்வண்ணத்தில் கடலை வரைகிறவன். இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கரையிலும், தெற்கே புதுமடம், வேதாளைக் கரைகளிலும் அமர்ந்து வரைந்து வந்த காலத்தில் என் தாள்களில் கடலின் மேற்பரப்பு மட்டுமே பதிந்துகொண்டிருந்தது. நிறமும் அலையும் வள்ளமும் வந்தன. நீருக்குள் நிகழ்வதன் தடயம் எதுவும் வரவில்லை. நீரின் உள்ளே பார்க்கக் கண்ணைப் பழக்கும் ஒரு வேலை வேண்டும் என்று தேடியபோதுதான், ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் ஈத்தூண்டில் முறையைப் பற்றி அறிந்தேன். டிரவுட் மீனுக்காக மலை ஓடைகளில் வளர்ந்த அந்த முறையைப் பாக் நீரிணைக் கரையில் பழகி, அதன் வழியாக என் ஓவியத்தில் என்ன மாறியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரவுட் குளிர்நீர் மீன். நம் மாநிலத்தில் அதைக் காண நீலகிரிக்குத்தான் செல்ல வேண்டும். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863இல் அந்த மலைகளுக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், அது கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் டிரவுட்டை அங்கே நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் உள்ள மீன் பொரிப்பகம் அவருடைய காலத்தது. ஈத்தூண்டிலின் வரலாறோ மிகப் பழையது. கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ரோமானியரான ஈலியன், மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் புள்ளிகள் கொண்ட மீன்கள் நீர்மேல் பறக்கும் ஈக்களை உண்பதையும், அந்த ஈயைக் கையால் தொட்டாலே அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடுவதால் மக்கள் அதை இரையாக வைக்க முடியாமல், தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைக் கட்டியதையும் எழுதி வைத்திருக்கிறார். இச்செய்தி என்னை ஆழமாகத் தொட்டது. மீன் எதை உண்கிறது என்று உற்றுப் பார்த்து, பார்த்ததை நூலாலும் இறகாலும் மீண்டும் உண்டாக்குவது ஓவியனின் வேலையேதான்.

முதலில் வீச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு செல்கிறது. ஈத்தூண்டிலில் நுனியில் இருக்கும் பொய் இரைக்கு எடை இல்லையென்றே சொல்லலாம். தடித்த நூல்தான் எடை. அந்த நூலைக் கோலால் பின்னே எறிந்து, அது முதுகுப் பக்கத்துக் காற்றில் முழுவதும் நீண்டு விரியும் வரை கையை நிறுத்தி, பிறகு முன்னே செலுத்த வேண்டும். ஓடை டிரவுட்டுக்கு நான்கு, ஐந்து, ஆறாம் எண் கோல்கள் போதும் (எண் கூடக்கூட, கோல் வீசும் நூலின் எடையும் கூடும்). கடற்காற்றையும் கனமான இரையையும் தாங்க ஒன்பது அடி நீளமுள்ள எட்டாம் எண் கோலை நான் வைத்திருக்கிறேன். நூல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குளிர்நாட்டு ஓடைகளுக்காகச் செய்யப்பட்ட நூல் நம் வெயிலில் இளகிக் கோலின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும், வெப்பநாட்டுக் கடலுக்கென்று விறைப்பான உள்ளிழையுடன் செய்யப்பட்டதே இங்கு உதவும்.

அந்த நிறுத்தம்தான் முழு வித்தையும். அரியமானில் வீச்சு வலை வீசும் ஒரு பெரியவர் நான் பழகுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவும் நம்ம வலை மாதிரிதான் தம்பி, விரியுற வரைக்கும் கை பொறுத்திருக்கணும்" என்றார். "கண்ணால பாக்காம எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன். "தோளு சொல்லும்" என்றார். உண்மையில் அப்படித்தான். நூல் பின்னே முழுவதும் நீண்டதும் கோலின் நுனியில் ஒரு மெல்லிய இழுப்பு உண்டாகித் தோள் வரை வருகிறது. அதை உணர்ந்த பிறகே முன்வீச்சு தொடங்க வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்கு ஒரு பெரும் வசதி இருக்கிறது. மண்டபத்தை நோக்கி நிலம் குறுகிச் செல்வதால், வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல்களும் சிறு தொலைவிலேயே கிடைக்கின்றன. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது வடக்குக் கரையில் நீர் அடங்கியிருக்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து தொடங்கியதும் நிலை தலைகீழாகிவிடும். அரியமானில் கடலைப் பார்த்து நின்றால் கச்சான் இடப்பக்க முதுகில் படுகிறது. முன்வீச்சுக்கு அது துணை. பின்வீச்சு மட்டும் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால், நூலின் வளைவைக் குறுகலாக வைத்திருக்க வேண்டும். வலக்கையால் வீசுகிறவருக்கு நூல் உடம்பின் மேல் வந்து விழாமல் காற்றே விலக்கிவிடுகிறது. வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால், தெற்குப் பக்கத்தில் பெருநிலத்துக் கரையை விட்டு நான் நகர்வதில்லை.

இரை கட்டுவதற்கு வெளிநாட்டுப் பொருள்கள் தேவைப்படவில்லை. மலை ஓடையில் டிரவுட் உண்ணும் மே ஈயின் போலிக்கு இங்கே வேலை இல்லை. பாக் நீரிணையில் கரையோரம் வருகிற மீன்கள் தேடுவது சூடைக் குஞ்சையும் நெத்திலியையும் சிறு இறாலையும்தான். அமெரிக்காவில் பாப் கிளவுசர் 1980களில் வடிவமைத்த, முள்ளின் தலைப்பக்கம் உலோகக் கண் வைத்துக் கட்டப்படும் சிறுமீன் போலியைப் பின்பற்றுகிறேன். இழுக்கும்போது நிமிர்ந்தும் நிறுத்தும்போது தலைகுப்புற இறங்கியும் அது நீந்துகிறது. உலோகக் கண்ணின் எடையால் முள் மேல்நோக்கித் திரும்பிவிடுவதால், கடற்புல்லில் எளிதில் சிக்குவதில்லை. அவர் மான்வால் மயிரில் கட்டியதை நான் வெள்ளாட்டு மயிரில் கட்டுகிறேன். மினுக்கத்துக்கு அம்மாவின் பழைய பட்டுச் சேலையிலிருந்து உருவிய சரிகை. கிழங்கானுக்காகக் கட்டும் இறால் போலிக்குச் சேவலின் கழுத்து இறகு. முடிச்சின் மேல் நகப்பூச்சு இரண்டு முறை. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்நோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் அமுக்கிவிடுகிறேன். விடப்போகும் மீனுக்குக் காயம் குறையும்.

முரலுக்கு மட்டும் வேறு வழி. அதன் நீண்ட அலகு கடினமானது. முள் ஏறுவது அரிது. ஆனால் அலகு நெடுக ஊசிப் பற்கள் நெருக்கமாக இருக்கின்றன. முறுக்கில்லாத பட்டு நூலைப் பிரித்து உதறிக் கட்டினால், முள்ளே இல்லாமல் பற்கள் நூலில் சிக்கிக்கொள்கின்றன. மீனை நீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, சிறிய இடுக்கியால் ஒரு இழையும் மிஞ்சாமல் எடுத்துவிட வேண்டும். இழை மிஞ்சினால் அலகு கட்டுண்டு மீன் பட்டினியில் சாகும் என்பதால், அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இம்முறையைத் தொடக் கூடாது என்பதே என் கருத்து. முரலின் முதுகில் ஓடும் பச்சை என் வண்ணத்தட்டுக்குப் பெரிய பாடம். சமைத்து உண்டவர்களுக்கு அதன் எலும்பே பச்சை என்பது தெரியும். பிலிவெர்டின் என்ற பித்த நிறமி தரும் பச்சை அது. விரிடியன் என்ற பச்சை வண்ணத்தை ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பால் சற்று அடக்கினால் அந்தப் பச்சைக்கு அருகில் வர முடிகிறது.

இனி, இந்தப் பழக்கம் எனக்குத் தந்ததிலேயே மிகப் பெரியதைச் சொல்கிறேன். டிரவுட் பிடிப்பவர்கள் மீனின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியும் என்பதை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது வளைவதால், நீருக்கு மேலுள்ள உலகம் முழுவதும், அடிவானம் உட்பட, மீனின் கண்ணுக்கு மேலே ஏறக்குறைய 97 பாகை விரியும் ஒரு கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அது நீரின் கூரையில் இரண்டேகால் மீட்டர் அகலமுள்ள ஒளிவட்டம். மீன் மேலே வரவர வட்டம் சுருங்கும். ஆழத்துக்குப் போகப்போக அகலும். வட்டத்துக்கு வெளியே கூரை முழுவதும் கண்ணாடி; அதில் தெரிவது வானமன்று, கடலடிதான். நீர்மேல் மிதந்து வரும் ஈ வட்டத்தை எட்டுவதற்கு முன்பே, அதன் கால்கள் நீர்ப்பரப்பில் ஏற்படுத்தும் சிறு குழிகள் அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக டிரவுட்டுக்குத் தெரிந்துவிடுகின்றன. மீன் முதலில் காண்பது ஈயையன்று, ஈயின் அழுத்தத்தையே.

கரையில் நிற்பவரும் அந்த வட்டத்தின் விளிம்பில்தான் இருக்கிறார். அடிவானத்துக்கு அருகில் இருப்பவை விளிம்பில் நசுங்கி மெல்லிய பட்டையாகிவிடுவதால், உடலைத் தாழ்த்திக்கொண்டால் ஏறத்தாழ மறைந்துவிடலாம். முழங்கால் நீரில் குனிந்து நின்று கோலைப் பக்கவாட்டில் வீசுவது இதற்காகத்தான். திருக்கை புதைந்து கிடக்கக்கூடும் என்பதால் நம் கடலில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நகர வேண்டும். அந்த மெதுவான நடை மீனையும் கலைப்பதில்லை.

இதை அறிந்தபின் அரியமான் கடற்கரையை நீருக்குள்ளிருந்து வரையத் தொடங்கினேன். தாளின் நடுவில் வட்டம். வட்டத்துக்குள் விடியற்கால வானம். விளிம்பைச் சுற்றிலும் சவுக்குத் தோப்பு, மரங்களின் நுனிகள் எல்லாம் நடுவை நோக்கிச் சாய்ந்தபடி, விரற்கடை அகலமுள்ள பட்டையாக. அந்தப் பட்டையில் ஒரு சிறு கீறல்தான் மனிதன். வட்டத்துக்கு வெளியே கடற்புல்லின் பழுப்பும் மணலின் மஞ்சளும் தலைகீழாக. சிற்றலை எழுந்தால் வட்டத்தின் விளிம்பு உடைந்து, சவுக்கின் கருமை துண்டு துண்டாகக் கண்ணாடிக்குள் சிந்துகிறது. அந்த உடைவை ஈரத்தின் மேல் ஈரமாக வண்ணம் விட்டுப் பல வகைகளில் முயன்றேன். தாளின் பளபளப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் விடுவதே ஏற்றது; அதற்கு முன் விட்டால் கருமை ஓடிவிடுகிறது, பின் விட்டால் விளிம்பு இறுகிவிடுகிறது. நம் கரையின் ஈரக்காற்றில் அந்த நேரம் நீண்டுகொடுக்கிறது என்பது உள்நாட்டு ஓவியர்களுக்கு வாய்க்காத நன்மை.

அடுத்த சிக்கல் நூல். காற்றில் பறக்கும் வெளிறிய நூலைக் கருநீலப் பின்னணியில் எப்படிக் காட்டுவது? வெள்ளை வண்ணத்தை மேலே பூசினால் நூல் கனத்துத் தொங்குகிறது. இதற்கு விடை அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரிடம் கிடைத்தது. 1836 முதல் 1910 வரை வாழ்ந்த அவர் ஈத்தூண்டிலில் பெரும் ஈடுபாடு கொண்டவர். நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் காடுகளில் மீன் பிடித்தபடியே துள்ளும் டிரவுட்டையும் தூண்டில் வீசுவோரையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். காய்ந்த வண்ணத்தைக் கத்தி முனையால் சுரண்டி, அடியிலிருக்கும் தாளின் வெண்மையையே நூலாக்கினார். வண்ணத்தை நீக்கிய இடத்தில் நூல் பிறக்கிறது. அதனால்தான் அது எடையற்றுப் பறக்கிறது.

இதைச் செய்து பார்க்க, பருத்தியால் ஆன, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வேண்டும். பசை நன்கு ஏறிய தாளாக இருப்பது முக்கியம், இல்லையெனில் சுரண்டிய இடம் பஞ்சாகப் பிரியும். வண்ணம் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் மீண்டும் வண்ணம் பட்டால் தாள் அதை உறிஞ்சி இருண்டுவிடும் என்பதால், நூல் எப்போதும் கடைசி வேலை. புதிய சவர பிளேடின் மூலையால், மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து ஒரே வீச்சில் இழுக்கிறேன்: மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்துவது. கோலை வீசும் அசைவும் அதுவே. காலையில் வீசிவிட்டு வந்த நாளில் இழுக்கும் கோட்டுக்கும், வீசாத நாளில் இழுக்கும் கோட்டுக்கும் இடையே வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. முதலாவதில் நூல் வளைவின் மேற்கோடும் கீழ்க்கோடும் இணையாக ஓடுகின்றன, இரண்டாவதில் இடைவெளி அகன்று நூல் தளர்ந்துவிடுகிறது.

மீன்களைப் பற்றியும் சுருக்கமாகக் குறித்துவிடுகிறேன். சிறு பாரை மீன்கள் வெள்ளாட்டு மயிர்ப் போலியை விரும்பித் துரத்துகின்றன. இழுவையை நிறுத்தாமல் வேகப்படுத்தினால்தான் கவ்வுகின்றன. கிழங்கான் மணலை ஒட்டி மெதுவாக இழுத்த இறால் போலிக்கு வருகிறது. மடவை கூட்டங்கூட்டமாக வந்தாலும் பாசியும் சேறும் உண்ணும் மீனாதலால் போலியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அதன் கூட்டம் திரும்பும்போது நீருக்குள் ஓடும் வெள்ளி மின்னலை வரைவதற்காக, கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பென்சில் குறிப்பு எடுக்கிறேன். கண்கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இவை எதுவும் தெரியாது.

வாடை தொடங்கியதும் வேதாளைக் கரைக்கு மாறப் போகிறேன். தெற்குக் கடலின் தெளிவில் ஒளிவட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நூல் பறக்கும்போது நீருக்குள் விழும் அதன் நிழலை இதுவரை தாளில் கொண்டுவர முடியவில்லை. மேலே சுரண்டி எடுத்த வெள்ளைக் கோடும், கீழே மணலின் மேல் ஓடும் கரிய நிழல்கோடும் ஒரே வீச்சுக்கு உரியவை என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக நண்பர் ஒருவரைக் கோல் வீசச் சொல்லி, முகமூடிக் கண்ணாடி அணிந்து இடுப்பளவு நீரில் மூழ்கிப் பார்த்து, நினைவிலிருந்து வரையும் பயிற்சியை இந்தப் பருவத்தில் தொடங்கியிருக்கிறேன்.