கனத்தும் சிரிக்கும் எழுத்து

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இன்று புதிதாக மாட்டியிருந்த பலகையில், ‘பால் பண்ணை’ என்ற பெயர் பலூ தம்பி எழுத்துருவில் இருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ணகரத்தைப் பார்க்க வேண்டும்.

சுழிகள் நிறைந்த எழுத்தைத் தடிமனாக்கினால் உள்ளிருக்கும் வெற்றிடம் அடைபட்டு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் திட்டாகவே தெரியும். இங்கோ கோடு சுழிக்குள் நுழையும்போது சற்றே மெலிந்து, வெளியே வந்ததும் மீண்டும் கொழுகொழுவென்று உருண்டு நிற்கிறது.

மும்பையின் ஏக் டைப் குழுவினர் பல இந்திய மொழிகளின் எழுத்துகளுக்கும் லத்தீனுக்கும் ஒரே குணம் அமையும்படி உருவாக்கிய பலூ குடும்பத்தில் தமிழுக்கு வாய்த்தது இது. தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன் என்று எல்லாமே உடன்பிறப்புகள்தாம். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

கடைப்பலகைக்கும் சிறுவர் நூல் அட்டைக்கும் திருவிழாச் சுவரொட்டிக்கும் இதைத் தயங்காமல் எடுக்கலாம் என்பேன். பக்கம் பக்கமாக ஓடும் உரைக்கு இது வேண்டவே வேண்டாம். அங்கே இத்தனை கனம் கண்ணைக் களைப்பாக்கிவிடும். கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கும் ஒருபோதும் பொருந்தாது, ஏனெனில் துயரச் செய்தியைக்கூட இந்த எழுத்து சிரித்துக்கொண்டேதான் சொல்லும்.