சாரணர் படையில் புதிதாகச் சேரும் குடும்பங்களுக்கு

பிள்ளையைச் சாரணர் படையில் சேர்த்திருக்கும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "சீருடை எங்கே வாங்குவது?" என்றுதான். அவசரமே இல்லை. சில கூட்டங்கள் போகட்டும், பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்கலாம். படையில் மூத்த பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சட்டைகள் இருக்கும், தயங்காமல் கேளுங்கள்.

புது வீட்டார் வந்தால், பழைய வீட்டார் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இதை நான் விடாமல் சொல்லிவருகிறேன். படிவத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிட்டால், அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள். இங்கே ஏன் இடக்கையால் கைகுலுக்குகிறார்கள் என்று கேட்கக்கூட அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

வீட்டில் செய்ய எளிய வேலை ஒன்று: இரண்டு நிறத்தில் கயிறு எடுத்து ரீஃப் முடிச்சு போட்டுப் பழகுங்கள். முதலில் வலது முனை இடதின் மேல், பிறகு இடது முனை வலதின் மேல். சரியாக விழுந்தால் முடிச்சு தட்டையாகப் படியும். முதலுதவிக் கட்டுப் போடவும் இதுதான். பிள்ளை தடுமாறினால் கயிற்றைப் பிடுங்காதீர்கள், அவன் கையே கண்டுபிடிக்கட்டும்.

1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சுமார் 20 சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். ஆகவே உங்கள் மகளின் அணித்தலைவி பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்தால் கவலைப்படாதீர்கள், பயிற்சி பெற்ற பெரியவர்கள் அருகிலேயே இருப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். கூட்டத்துக்குச் சற்று முன்பே வந்தால் நேரிலும் பேசலாம்.