மூன்றாம் பாகத்தில் கத்தி வைக்கிறேன்: குடாவைச் சுற்றியவளை வள்ளத்தில் ஏற்றிய கதை

எனது மாயாஜாலக் கதையின் மூன்றாம் பாகம் எழுதி முடிந்து, இப்போது வெட்டும் வேலை நடக்கிறது. வாசிக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றுபோனார்கள். கூட்டாளி ஒருவன் மட்டும் நேராகவே கேட்டான்: “மச்சான், இவள் எப்பதான்டா மூதூர் போய்ச் சேருவாள்?” கதையில் மூதூர் என்று ஓர் ஊரே கிடையாது. ஆனால் வரைபடத்தை நான் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவைப் பார்த்துத்தான் போட்டேன், அதன் தெற்குக் கரையில்தான் மூதூர் இருக்கிறது, திருகோணமலைக்காரனுக்கு அது தெரியாமலா போகும்.

கோட்டை குடாவின் வடக்கே, சூனியக்காரன் தெற்குக் கரையில். நாயகி கரையைச் சுற்றி நடந்து போகிறாள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. பாலங்கள் வருமுன் தரைவழியாக மூதூர் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதைக்கு, அதாவது ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்துக்கிடக்க வேண்டும். அந்த நாலு துறையையும் அப்படியே கதையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்திருந்தேன். ஒரு துறையில் விடுகதை போடும் ஓட்டி, இன்னொன்றில் கொக்கு வளர்க்கும் கிழவன். தனித்தனியாக வாசித்தால் நல்லாத்தான் இருக்கும். முதல் பாகத்தில் வந்திருந்தால் ஒருவரும் முறையிட்டிருக்க மாட்டார்கள், அங்கே வாசகனே ஊர் பார்க்க வந்தவன். மூன்றாம் பாகத்துக்கு வரும்போது ஊரெல்லாம் பார்த்து முடித்துவிட்டான், கோட்டை விழ முன்னம் அவள் போய்ச் சேருவாளா என்ற ஒன்றுதான் அவனுக்கு வேண்டும்.

ஒரு சீஆர் கொப்பியில் அத்தியாயத்துக்கு ஒரு வரி போட்டு, அதன் முடிவில் என்ன மாறியிருக்கிறது என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நாலு துறைக்கும் கிடைத்தது ஒரே பதில்: களைத்துப்போனாள்.

சரி, வள்ளத்தில் ஏற்றி நேரே குடாவைக் கடக்க வைத்தால்? அப்படியென்றால் இரண்டாம் பாகத்திலேயே ஏன் கடக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு வாடைக்காற்று கைகொடுத்தது. குடாவின் வாய் வடகிழக்கைப் பார்த்துத் திறந்திருப்பதால் மாரியில் அலை நேரே உள்ளே வரும், அந்தக் காலத்தில் சின்ன வள்ளத்தை யாரும் துணிந்து இறக்க மாட்டார்கள். கதையை மாரிக்குத் தள்ளி, இரண்டாம் பாகத்தில் நாயகி காற்று விழட்டும் என்று காத்திருக்கும் இரண்டு வரி சேர்த்தேன். மூன்றாம் பாகத்தில் காத்திருக்க நேரமில்லை, காற்றோடு இறங்குகிறாள். நாலு அத்தியாயம் ஓர் இரவாகச் சுருங்கிவிட்டது. முன்பு “மூன்றாம் துறையில் பாதை அக்கரையில் நின்றது. அவள் மரநிழலில் உட்கார்ந்தாள்” என்று தொடங்கிய இடம் இப்போது “‘பேச்சை விடு, தண்ணியை இறை’ என்றான் ஓட்டி” என்று தொடங்குகிறது. விடுகதைக்காரனைத்தான் ஓட்டியாக்கினேன், விடுகதைகள் போய்விட்டன.

இதில் எதிர்பாராத வேலை ஒன்றும் வந்து சேர்ந்தது. துறைகளுக்கு இடையிடையே கோட்டை முற்றுகையை வைத்திருந்தேன். துறைகள் போனதும் முற்றுகை அத்தியாயங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன, பார்த்தால் எல்லாவற்றிலும் அரிசி குறைகிறது, மதில் வெடிக்கிறது! அவற்றையும் ஒன்றாக்க வேண்டியதாயிற்று.

இனி முடிவுக்குப் பிந்திய பகுதி. டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்தில் (1955) 19 அத்தியாயங்கள், அழிக்கவென்று கதை முழுக்கச் சுமந்துபோகும் மோதிரம் 13ஆவதிலேயே அழிந்துவிடுகிறது. மிச்சம் ஆறையும் இழுவை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, வீடு திரும்புகிறவர்களுக்கு அங்கே இன்னொரு சண்டை காத்திருக்கிறது. கல்கி வேறு மாதிரிச் செய்தார். ‘பொன்னியின் செல்வ’னின் நாலாம் பாகம் 46 அத்தியாயம், கடைசிப் பாகம் 91. ஆனாலும் ஓட்டம் குறையாது. அப்புறம் யார் யாருக்கு என்ன நடந்தது என்ற கேள்விகளுக்கு முடிவுரையில் பதில் சொல்லிவிட்டார்.

என்னிடம் சண்டையும் இல்லை, முடிவுரையும் இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்து எழுதிய ஏழு கிணறும், கிணற்றுக்கு ஒருவராக ஏழு பேர் விடைபெறுவதும்தான் இருக்கின்றன. மூன்றாவது ஆள் போகும்போதே கண்ணீர் வற்றிவிடுகிறது. ஏழு பேரையும் ஒரே காலையில் குளிக்க வைத்து, இரண்டு பேரை மட்டும் பேசவிட்டு எழுதிப் பார்க்கிறேன். குதிரைக்காரி பேசுவது உறுதி. இரண்டாவது இடத்துக்கு மந்திரவாதியும் அவனுடைய அக்காவும் போட்டி, அக்காவுக்குத்தான் நல்ல வசனம் இருக்கிறது.