பிங் பதில் தந்தது, சர்வர் தரவில்லை

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால். பில் போடும் பெண் எழுந்து வந்து, "அண்ணா, மறுபடியும் நின்றுவிட்டது" என்றாள். அவள் மேசையில் ஒரு தெர்மோகோல் பெட்டி காத்திருந்தது. உள்ளே இன்சுலின், இரு பக்கமும் ஐஸ் பை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பதினொன்றே காலுக்குள் குடியாத்தம் பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் எழுதிய பில் இல்லாமல் எங்கள் கடையிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போகாது. பில்லுக்கான கணக்கெல்லாம் சர்வரில். சர்வரோ எந்தக் கம்ப்யூட்டருக்கும் தட்டுப்படவில்லை.

அன்று கையால் பில் எழுதிப் பெட்டியை அனுப்பினோம். ஆனால் அப்படி நின்றது அது நான்காவது முறை.

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் மருந்து மொத்த விற்பனைக் கடை எங்களுடையது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி வளர்ந்த மருந்து வியாபாரத்தில் எங்கள் கடை ஒரு சிறு துளி. நான் அங்கே கணக்கு எழுதுபவன்; கம்ப்யூட்டர் பழுதும் என் பொறுப்புதான். மாடியில் உள்அறையில் சர்வர், கீழே ஆறு கம்ப்யூட்டர்கள், நடுவில் இவற்றை இணைக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். சர்வருக்கு 192.168.1.10 என்ற முகவரியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிலையாகக் கொடுத்திருந்தோம். கம்ப்யூட்டர்களுக்குக் கடைசி எண் மட்டும் மாறி 11 முதல் 16 வரை.

நான் குழம்பியதற்குக் காரணம், அறிகுறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான். சர்வர் நிற்கும் நேரத்தில் இணையம் ஓடியது. மாடிக்குப் போய்ச் சர்வரிலேயே உட்கார்ந்தால் பில் மென்பொருள் கச்சிதமாகத் திறந்தது. சில சமயம் கீழே ஒரு மேசையில் நின்றுபோயிருக்கும்போது பக்கத்து மேசையில் பில் வந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட, நின்றுபோன கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குப் பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு செய்தி) கொடுத்தால் பதில் வந்தது. பதில் வருகிறதே, அப்படியானால் நெட்வொர்க்கில் கோளாறில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்த ஒரு முடிவு என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். சர்வரிலிருந்து இறங்கும் கேபிள் படிக்கட்டு ஓரத்தில் ஓர் இரும்பு அலமாரியின் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. சர்வரில் பார்த்தால் இணைப்பு வேகம் 100 எம்பிபிஎஸ். இருக்க வேண்டியது 1000. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும். நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கேபிள் இழுத்து, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று வரிசை பிசகாமல் முனையடித்தேன். வேகம் 1000 ஆனது. பில் திறக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. எல்லோரும் நிம்மதியானோம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடியும் நின்றது. கேபிள் பழுது உண்மைதான். ஆனால் நாங்கள் தேடிய பழுது அது இல்லை.

வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியனை அழைத்தோம். வேலூர் வெயிலுக்கு நெட்வொர்க் கார்டு சூடேறிப் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். மே மாத வெயிலில் நிற்கிற எவருக்கும் அது நம்பத் தகுந்த பேச்சு. ஆனால் கோளாறு பிற்பகல் இரண்டு மணிக்கு வரவில்லை, பதினொன்றை ஒட்டித்தான் வந்தது. வெயில் உச்சத்துக்கு ஏறும் முன்பே சூடாகி, உச்சத்தில் குணமாகும் கார்டு எப்படி இருக்க முடியும்? ஐயாவிடம், அதாவது முதலாளியிடம், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பொறுத்துக்கொண்டார், அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த வாரம் ஒரு பழைய டைரியை ஸ்விட்ச் பக்கத்தில் வைத்து, நிற்கும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் குறித்தேன். சர்வரை அணைத்துப் போடும் பழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்துதான் தடயத்தை நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம். செவ்வாய் 10.40 முதல் 11.35. வியாழன் 10.50 முதல் 11.30. புதன்கிழமை எதுவும் இல்லை.

வியாழன் மாலை வசூல் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லைனுக்குப் போகிறவர்கள் கடைகளில் வாங்கிவந்த பணத்தை ஒப்படைக்கும் பதிவேடு அது. நேரத்தோடு கையெழுத்து இருக்கும். குடியாத்தம், பேரணாம்பட்டு லைன் பார்க்கும் அண்ணன் செவ்வாய் 10.45க்கும் வியாழன் 10.55க்கும் கையெழுத்துப் போட்டிருந்தார். டைரியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். முந்தைய வாரங்களைப் புரட்டினேன். பில் நின்றதாக எனக்கு நினைவிருந்த எல்லா நாளிலும் அவர் கையெழுத்து இருந்தது.

இதை உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே கடையில் சிலர், "அண்ணன் வந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும்" என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார், ஆனால் முகம் வாடும். இருபது வருடம் வெயிலிலும் மழையிலும் லைன் ஓடிய மனிதர். அவர் மேல் ஒரு ராசிப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் முன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அடுத்த செவ்வாய் காத்திருந்தேன். காலை ஒன்பதரைக்கே ஒரு கம்ப்யூட்டரில் சர்வருக்குப் பிங்கை ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியிலும் நேரம் 1 மில்லி செகண்டுக்கும் குறைவு, டிடிஎல் (பதிலோடு வரும் ஓர் எண்) 128. அண்ணன் படியேறி வந்தார், பையை இறக்கினார், தண்ணீர் கேட்டார். சற்று நேரத்தில் திரையில் ஒரு வரி மாறியது. நேரம் 38 மில்லி செகண்டு, அடுத்தது 7, அடுத்தது 90. டிடிஎல் 64.

பதில் வரவே செய்தது. ஆனால் பதில் சொன்னது எங்கள் சர்வர் இல்லை. விண்டோஸ் சாதாரணமாக டிடிஎல் 128 என்று பதில் அனுப்பும். லினக்ஸும் ஆண்ட்ராய்டும் 64 என்று அனுப்பும். அந்த எண் முதல் நாளிலிருந்து என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. 'பதில் வந்தது' என்பதோடு நிறுத்திக்கொண்டேன், வரியை முழுக்கப் படிக்கவில்லை.

அடுத்து 'ஏஆர்பி -ஏ' என்று கட்டளை கொடுத்தேன். எந்த ஐபி முகவரிக்கு (192.168.1.10 போன்றது) எந்த மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) என்று அந்தக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பதை அது காட்டும். 192.168.1.10க்கு நேராக, சர்வர் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த மேக் முகவரி இல்லை; வேறொன்று இருந்தது. அதில் இரண்டாவது எழுத்து 6. மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளை வைத்துத் தயாரித்த கம்பெனியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி பதித்த முகவரி இல்லை, கருவி தானே உண்டாக்கிக்கொண்டது. இப்போதைய போன்கள் வைஃபையில் சேரும்போது அப்படித்தான் செய்கின்றன.

அண்ணனிடம் போய், "உங்கள் போனில் வைஃபையைக் கொஞ்சம் அணைக்கிறீர்களா அண்ணா?" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அணைத்தார். பிங் பதில் நின்றது. கம்ப்யூட்டரின் பழைய நினைவை 'ஏஆர்பி -டி' கொடுத்து அழித்தேன். அடுத்த வரியில் டிடிஎல் 128. பில் திறந்தது. மறுபடி போடச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 64. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்றாவது முறை பில் போடும் பெண்ணும் ஐயாவும் எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் கோடை மழையோடு விழுந்த இடியில் இணையத்தையும் வைஃபையையும் தரும் எங்கள் பழைய ரூட்டர் போய்விட்டது, புதியது வந்தது. பழையது புதிதாக வரும் கருவிகளுக்கு 100இலிருந்து முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. புதியது 2இலிருந்து கொடுக்கத் தொடங்கியது. 10 என்பது சர்வருடையது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. 2 முதல் 9 வரை கடையில் இருப்பவர்களின் போன்களுக்குப் போக, அடுத்து வந்தவர் அண்ணன். போன் ஒரு வைஃபைக்கு ஒருமுறை உண்டாக்கிய மேக் முகவரியை அங்கே மாற்றாமல் வைத்துக்கொள்வதால், ரூட்டரும் ஒவ்வொரு முறையும் அதே 10ஐ எடுத்துக் கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டர் "192.168.1.10 யார்?" என்று கேட்டால் இரண்டு பேர் "நான்" என்பார்கள். யார் குரலைக் கேட்டதோ அந்தக் கம்ப்யூட்டர் அங்கே போகும். ஒரு மேசையில் நின்று பக்கத்து மேசையில் ஓடியது அதனால்தான். விட்டிருந்தால் அடுத்து வரும் போன்கள் 11, 12 என்று பில் கம்ப்யூட்டர்களின் முகவரியையும் எடுத்திருக்கும்.

பிறகு சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். 4199 என்ற எண்ணில் முகவரி மோதல் பதிவுகள், அந்த மேக் முகவரியோடும் நாள் நேரத்தோடும் வரிசையாக இருந்தன. சர்வர் இதை மே மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சரிசெய்ய ஆனது பத்து நிமிடம். ரூட்டர் முகவரி கொடுக்கும் எல்லையை 100 முதல் 200 வரை என்று மாற்றி, ரூட்டரை அணைத்துப் போட்டேன். அண்ணனின் போனிலிருந்து எங்கள் வைஃபையை நீக்கி மறுபடி சேர்த்தோம், 104 கிடைத்தது. அந்த வாரக் கடைசியில் போன்களுக்கென்று தனி வைஃபை ஒன்று அமைத்து, கடைக் கம்ப்யூட்டர்கள் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து அதைப் பிரித்துவிட்டேன். எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று ஒரு தாளில் எழுதி ரூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். அடுத்து ரூட்டர் மாற்ற வருகிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

வியாழக்கிழமை அண்ணன் 10.50க்கு வந்தார். உள்ளே வரும் முன் வாசலில் நின்று, "போனை அணைத்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணா, அப்படியே வாருங்கள்" என்றாள் பில் போடும் பெண். குடியாத்தம் பெட்டிக்கான பில் அப்போது பிரிண்டரிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.