நினைவாற்றல் கிளினிக்குக்குப் போய்வந்த கதை

தங்கைக்கு ஃபோன் போட்டு, பழைய அண்டைவீட்டார் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் எந்த ஊர், மண்டபம் எங்கே, எத்தனை பவுன், எல்லாம். பிறகு பேச்சு மூட்டுவலிக்குப் போனது. அது முடிந்ததும், "ஆமா, ஒரு சங்கதி தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பாதி சொல்லி முடித்த பிறகுதான் அவள் மெதுவாக, "அக்கா, இதத்தானே இப்ப சொன்னே" என்றாள்.

சாவியைத் தேடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முப்பது வயதிலேயே தேடியவள் நான். இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் மளிகைக் கடைத் தம்பியிடம் வெந்தயத்தின் பெயர் வாயில் வராமல், "அதாம்ப்பா, கசக்குமே, மஞ்சளா இருக்குமே" என்று திண்டாடியதையும் சிரித்துக் கடந்துவிட்டேன். இது வேறு மாதிரி. சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கை சொன்ன பிறகும் எனக்கு நினைவு திரும்பவில்லை. சொன்னதற்கான சுவடே தலைக்குள் இல்லை.

எனக்கு இதில் ஒரு கௌரவப் பிரச்சினையும் உண்டு. 1973ல் தொலைபேசி ஆப்பரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள் நான். மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம். எண்ணை ஒருமுறை காதில் வாங்கினால் போதும், எழுதிப் பார்க்கவே மாட்டேன். 2002 மார்ச் 1ஆம் தேதி வீட்டு எண்களுக்கெல்லாம் முன்னால் 6 சேர்த்தார்களே, அதற்கு முந்தைய எண்கள் இன்றும் அப்படியே தலையில் கிடக்கின்றன. செத்துப்போனவர்கள் வீட்டு எண்கள்கூட.

மகளிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவள் பதறவில்லை. "நானும் பார்த்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாள். அதுதான் சுருக்கென்று இருந்தது.

நீரிழிவுக்காக நான் வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) ஆரம்பித்தோம். தாதி ஒருவர் பத்துக் கேள்வி கேட்டார். இது என்ன வருடம், மணி என்ன இருக்கும், வீட்டு முகவரி, பிறந்த தேதி, இருபதிலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணுங்கள். தடங்கலில்லாமல் சொல்லிவிட்டேன். ஜெயித்த மிதப்பில் டாக்டர் அறைக்குப் போனால், அவர் மதிப்பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்துப் பையைத்தான் கேட்டார். நல்ல வேளை, கையோடு கொண்டுபோயிருந்தேன். நீரிழிவு மாத்திரை மெட்ஃபோர்மின் எத்தனை வருடமாக? பதினான்கு. இந்தச் சின்ன மாத்திரை? தோல் அரிப்புக்கு, ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதால் விடாமல் போட்டுக்கொள்கிறேன். அவர் முகம் மாறியது. அந்தப் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் வயதானவர்களுக்கு மந்தத்தையும் குழப்பத்தையும் தருமாம். அன்றோடு நிறுத்தச் சொன்னார். ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், கால்சியம் எல்லாம் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

பி12 குறைவாக இருந்தது. மெட்ஃபோர்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம் என்றார்கள். குறைந்தால் பாதம் மரத்துப்போகும், ஞாபகமும் தடுமாறும். பாதம் மரத்ததை நான் நீரிழிவின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். ஊசி போட ஆரம்பித்தார்கள். மருத்துவமனையின் நினைவாற்றல் கிளினிக்குக்கும் கடிதம் கொடுத்தார்கள். தேதி கிடைக்கக் கிட்டத்தட்ட நான்கு மாதம்.

அந்த நான்கு மாதமும் என்னை நானே சோதித்துக்கொண்டிருந்தேன். ரேடியோச் செய்தியைக் கேட்டுவிட்டு முதல் செய்தி என்ன என்று நினைத்துப் பார்ப்பேன். எம்ஆர்டி ரயில் பாதையில் ஈசூனிலிருந்து அங் மோ கியோ வரை நிலையங்களைப் பின்னோக்கிச் சொல்லிப் பார்ப்பேன். இது பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. பயந்துகொண்டே தேடினால் இருக்கிற ஞாபகமும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

கிளினிக் நாளன்று, பதிவு மேசையில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "அம்மாவுக்கு அலர்ஜி ஏதாவது உண்டா?" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். "அம்மாவையே கேளுங்கள், அவருக்குக் கேட்கும்" என்றேன். கேட்கும் என்று நான் சொன்னது பாதிதான் உண்மை என்பது ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

மகளைத் தனியாக அழைத்துப்போய்க் கேள்வி கேட்டார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியையும் அம்மாவும் உள்ளே பேசிக்கொண்டிருக்க, வராந்தாவில் நின்ற ஞாபகம் வந்தது. நெருங்கியவர் சொல்வது இதில் முக்கியமாம். மறந்தவருக்குத் தாம் மறந்தது எப்படித் தெரியும்?

பிறகு என் முறை. மனோவியல் நிபுணர் சின்னப் பெண், சீனர், தன்மையாகப் பேசினார். எந்த மொழியில் செய்யலாம் என்று கேட்டார். வேலையெல்லாம் ஆங்கிலத்தில்தானே செய்தேன் என்ற தெனாவட்டில் ஆங்கிலம் என்றேன். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடியும் என்றபோது வாட்டம் ஆரம்பித்தது. லயன், டைகர், எலிஃபண்ட் என்று பன்னிரண்டு வரை ஓடி நின்றுவிட்டது. உள்ளே கீரிப்பிள்ளையும் பெருச்சாளியும் உடும்பும் வரிசை கட்டி நிற்கின்றன, ஆங்கிலப் பெயர்தான் வரவில்லை. "தமிழில் சொல்லலாமா?" என்றேன். சொல்லுங்கள் என்று ஒலிப்பை வைத்தே எழுதிக்கொண்டார். உடும்பை அவர் எப்படி எழுதினாரோ. வீட்டில் தமிழில் யோசிப்பவர்கள், மொழி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் செய்ததுபோல் பாதியில் கேட்காதீர்கள்.

எண்களைப் பின்னோக்கிச் சொல்லும் சோதனையில் நான் பறந்தேன். அவர் ஏழு எண் வரை ஏற்றிவிட்டு, "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்துக்கு முள் வைத்தேன். அதுவும் சரி. ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன் என்றார். ஒன்றைத் திருப்பிச் சொன்னபோது நிறுத்தினார். அவர் சொன்னது 'பாத்', எனக்கு விழுந்தது 'பாஸ்'. மறுபடி சொன்னார், மறுபடியும் 'பாஸ்'. எழுதுவதை நிறுத்திவிட்டு, "கடைசியாக எப்போது காதைப் பரிசோதித்தீர்கள்?" என்றார். பரிசோதித்ததே கிடையாது. நாற்பது வருடம் காதை வைத்துப் பிழைத்தவளுக்கு அந்த எண்ணமே வரவில்லை.

சற்று நேரம் கழித்து அந்த ஐந்து சொற்களைக் கேட்டார். இரண்டு வந்தன. மற்ற மூன்றும், தங்கையிடம் சொன்ன கல்யாணக் கதைபோலத்தான், சுவடே இல்லை. அறை குளிர்ந்தது.

எம்ஆர்ஐ பற்றிச் சொல்ல அதிகமில்லை. தகரக் கொட்டகையில் ஆணி அடிப்பதுபோல் சத்தம், கண்ணை மூடிக்கொண்டேன்.

முடிவைச் சொன்ன டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள். ரத்தக்கொதிப்பும் நீரிழிவும் சின்ன ரத்தக்குழாய்களில் விட்டுச்சென்ற தடங்கள். புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் காட்டினார். கிரேக்க மொழியில் கடற்குதிரை என்று அர்த்தமாம். என் கடற்குதிரை கொஞ்சம் இளைத்திருந்தது. வயதானால் வேகம் குறையும், பெயர்கள் தாமதமாக வரும், சொல்வளம் அநேகமாகக் குறையாது, அதெல்லாம் இயல்பு என்றார். எனக்கிருப்பது அதற்கும் டிமென்ஷியா எனும் மறதிநோய்க்கும் இடைப்பட்டது, எம்சிஐ, அதாவது லேசான அறிவாற்றல் குறைபாடு என்று பெயர். என் அன்றாட வேலைகளை நானே செய்துகொள்வதால் அதை மறதிநோய் என்று சொல்ல முடியாது. கிளினிக்குக்கு வரும் இப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு 10 முதல் 15 விழுக்காட்டினர் மறதிநோய்க்குப் போகிறார்கள், சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் தேறுவதும் உண்டு. "நான் எதில்?" என்று கேட்டேன். "ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பொய் சமாதானம் சொல்லவில்லை.

மகள் வழக்கம்போல் கைபேசியில் படித்துத் தள்ளினாள். மனநலக் கழகத்தின் 2023 ஆய்வுப்படி, இங்கே 60ஐத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதிநோய். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கு 2024ல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணங்களில் காது மந்தமும் ஒன்று. அதைச் சொல்லும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது இரண்டு காதிலும் கருவி. விலையில் பெரும்பகுதி மூத்தோருக்கான உதவி நிதியில் கழிந்தது. முதல் வாரம் குளிர்பதனப்பெட்டி இவ்வளவு சத்தம் போடுமா என்று மலைத்தேன். தங்கை தொலைபேசியில் சொன்னதில் பாதியை நான் ஊகித்தே தலையாட்டி வந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. காதில் சரியாக விழாத சொல் மனத்தில் எங்கே தங்கும்?

காகித வேலை ஒன்றும் முடித்தோம். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி, எல்பிஏ. என்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எனக்காக யார் முடிவெடுப்பது என்று, எனக்குத் தெளிவு இருக்கும்போதே எழுதிவைப்பது. இது 2010லேயே நடப்புக்கு வந்துவிட்டது, நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். தெளிவு போன பிறகு எழுத முடியாது, பிள்ளைகள் நீதிமன்றத்துக்குத்தான் அலைய வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாகப் படிவம் போட்டு மகளையும் மகனையும் நியமித்தேன். சான்றளிக்கும் டாக்டர் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது வற்புறுத்தினார்களா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். இந்த முறை வராந்தாவில் நின்றது அவர்கள். எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஊசிக்குப் பிறகு பாத மரமரப்பு குறைந்திருக்கிறது. மாத்திரையை விட்டதில் காலை நேர மந்தமும் போய்விட்டது. ஞாபகம்? கொஞ்சம் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் ஒன்றும் சொல்வதில்லை. தங்கையிடம் பேசும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, சொன்ன சங்கதிக்கு நேரே டிக் போடுகிறேன்.

வரும் மார்ச்சில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று தப்பிய மூன்று சொற்களையும் நிபுணர் கடைசியில் சொல்லித்தான் அனுப்பினார். அவை இப்போது மறக்கமாட்டேன் என்கின்றன, பாத்திரம் தேய்க்கும்போதுகூட ஐந்தும் வரிசையாக வருகின்றன. மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "அடுத்த தடவை வேற அஞ்சு குடுப்பாங்கம்மா" என்றாள்.