ட்ரெய்லரின் கடைசி மூன்று நொடிகள்

புதிய வீடியோ விளையாட்டு ஒன்றின் ட்ரெய்லரைப் பார்க்கும்போது என் மனம் அதன் கடைசி மூன்று நொடிகளுக்காகவே காத்திருக்கிறது. நாயகனின் முகமும், உச்சத்துக்குப் போகும் இசையும், வெளியீட்டுத் தேதியும் வந்து போன பிறகு, கருந்திரையின் அடியில் சிறிய வெள்ளை எழுத்துகளில், அந்த விளையாட்டு எந்தெந்தக் கன்சோல்களுக்கு, அதாவது எந்தெந்த விளையாட்டுக் கருவிகளுக்கு, வருகிறது என்ற வரிசை தோன்றும். அதை இடமிருந்து வலமாக ஒருமுறை படிப்பேன். என் கன்சோலின் பெயர் கண்ணில் படவில்லையென்றால், காணொளியைப் பின்னுக்கு நகர்த்தி, அந்த இடத்தில் நிறுத்திவைத்து இன்னொரு முறை படிப்பேன். புதிய தலைமுறைக் கன்சோல்கள் வந்த 2020-க்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை அந்தப் பெயர் பெரும்பாலும் இருந்தது. பிறகு ஒன்றிரண்டு வரிசைகளிலிருந்து உதிர்ந்தது. இப்போது அது எங்காவது இருந்தால்தான் வியப்பாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது 2013-இல் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்த கன்சோல். பெரிய வரைபடத்தைத் திரையில் திறந்தவுடன் அதன் மின்விசிறி இரைச்சலிடத் தொடங்கும். மூடியைக் கழற்றித் தூசியைத் துடைப்பதும், சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுவதும் எனக்குப் பழகிவிட்ட வேலைகள். அது இன்னும் ஒழுங்காக இயங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம். பழுதாகிப்போன பொருளைத் தூக்கிவைப்பதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருக்காது. நேற்று இரவுவரை நன்றாக ஓடிய ஒன்றை இன்று காலை ஓர் அறிவிப்பு பழையதாக்கிவிடுகிறது என்பதில்தான் ரசிகர்களின் மனம் நோகிறது. அந்த நோவைப் பிடிவாதம் என்றும், காலத்தோடு ஒத்துப்போகத் தெரியாத குணம் என்றும் ஒதுக்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விளையாட்டை உருவாக்குகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும் 2013 நவம்பரில் வெளிவந்தபோதே அவற்றின் ப்ராசஸர் வலிமையானதாகக் கருதப்படவில்லை. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிறிய கணினிகளுக்காக உருவான ஜாகுவார் என்ற வடிவமைப்பின் எட்டு கோர்களே, அதாவது கணக்குப் போடும் அலகுகளே, இரண்டிலும் இருந்தன. ப்ளேஸ்டேஷன் 4-இல் அவற்றின் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். கூட்டம் நிறைந்த தெருவில் ஒவ்வொருவரும் தம் போக்கில் நடப்பது, எதிரிகள் நம்மைத் தேடி வழி கண்டுபிடிப்பது, இடிந்து விழும் சுவரின் ஒவ்வொரு துண்டும் சரியான இடத்தில் போய் விழுவது என்ற கணக்குகளில் பெரும்பகுதி ப்ராசஸரின் தலையில்தான் விடிகிறது. படத்தின் தெளிவைக் குறைத்தால் கிராபிக்ஸ் சிப்பின் சுமை குறையும். ஆனால் ப்ராசஸர் சுமக்கும் இந்த வேலையை, விளையாட்டின் வடிவத்தையே மாற்றாமல் பெரிதாகக் குறைக்க முடியாது. "கிராபிக்ஸைக் குறைத்துவிட்டாவது தரக்கூடாதா" என்று கேட்கும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்.

ஹார்ட் டிஸ்க்கின் கதை இதைவிட அழுத்தமானது. ப்ளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்புக்குத் தலைமை வகித்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் நிகழ்த்திய உரையில் ஒரு தகவலைச் சொன்னார். ஸ்பைடர்மேன் விளையாட்டில், தெருவோரத் தபால் பெட்டி போன்ற சில பொருள்களுக்கான தரவு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் 400 முறை எழுதப்பட்டிருந்ததாம். சுழலும் தட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் படிக்கும் முனை நகர்ந்துகொண்டிருந்தால் நேரம் வீணாகும் என்பதால், நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டியதை அந்தந்தப் பகுதியின் தரவோடு சேர்த்தே திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய கன்சோலின் ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் 50 முதல் 100 மெகாபைட் வரை படித்த இடத்தில், புதியதில் இருக்கும், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி 5.5 கிகாபைட் படிக்கிறது. ஐம்பது மடங்குக்கும் மேலான வேறுபாடு. பழைய விளையாட்டுகளில் நாயகன் பாறை இடுக்கில் உடலை நுழைத்து மெதுவாக நகர்ந்து போவதையும், மின்தூக்கியில் நின்றபடி நீண்ட உரையாடல் ஒன்றைக் கேட்பதையும் நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவற்றில் பல, அடுத்த இடம் நினைவகத்துக்கு வந்து சேரும்வரை நம்மைப் பேச்சில் வைத்திருக்கும் ஏற்பாடுகள். இது தெரிந்த பிறகு அந்த இடுக்குகளின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவற்றைக் கட்டியவர்களின் பொறுமை மீது மரியாதைதான் வந்தது. அந்தக் கட்டு இல்லாமல் ஒரு விளையாட்டைக் கற்பனை செய்ய அவர்கள் விரும்புவதை நான் எப்படிக் குறை சொல்வது?

ஆகவே, வருகிற எல்லா விளையாட்டும் பழைய கன்சோலுக்கும் வந்தே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டாயத்துக்காகக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சைபர்பங்க் 2077 சாட்சியாக நிற்கிறது. 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வெளிவந்த அந்த விளையாட்டு, பழைய கன்சோல்களில் திணறிய திணறலால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் ப்ளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்து விலக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் அங்கே திரும்பி வந்தது. அதற்கு முந்தைய தலைமுறை மாற்றத்திலும் இப்படி நடந்ததுண்டு. 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டார் விளையாட்டின் உயிர், நம்மைத் தோற்கடித்த எதிரி நம்மை நினைவில் வைத்திருந்து திரும்பி வரும் நெமிசிஸ் என்ற அமைப்புதான். ப்ளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த பதிப்பில் அந்த அமைப்பே சுருங்கிப் போயிருந்தது. 2015-இல் கால் ஆஃப் டியூட்டியின் பிளாக் ஆப்ஸ் 3, அதே பழைய கன்சோல்களுக்குக் கதைப் பகுதியே இல்லாமல் வந்தது. அட்டையில் அதே பெயர் இருக்க, உள்ளே பாதி இல்லாத ஒன்றை விற்பதைக் காட்டிலும் "உங்கள் கன்சோலுக்கு இல்லை" என்று சொல்லிவிடுவது நேர்மையானது.

ஆனால், இல்லை என்று சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் காரணம் இயந்திரத்தின் இயலாமைதானா என்ற கேள்வி எழுகிறது. 2023 மார்ச்சில் வந்த ரெசிடென்ட் ஈவில் 4-இன் மறுஆக்கம் ப்ளேஸ்டேஷன் 4-க்கு வந்தது, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வரவில்லை. அதே ஆண்டு ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கும் அதே கதைதான். இந்த இரண்டு கன்சோல்களுக்கும் இடையே, ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடவே ஓடாது என்று சொல்லும் அளவுக்கு வலிமையில் வேறுபாடு இல்லை. ஒன்று 11 கோடிக்கும் மேல் விற்றது, மற்றது அதற்கு வெகு கீழே நின்றுவிட்டது என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. முடியாது என்பது வேறு, கட்டுப்படியாகாது என்பது வேறு. இன்னொரு பதிப்புக்கு ஆளும் நேரமும் பணமும் ஒதுக்க இயலவில்லை என்று சொன்னால் அதைப் புரிந்துகொள்ள ரசிகர்களால் முடியும். இயந்திரம் தாங்காது என்ற ஒற்றைக் காரணத்தையே எல்லா இடத்திலும் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் மனம் வைத்துச் செய்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். 2015-இல் பெரிய கன்சோல்களுக்காக உருவான விட்சர் 3, 2019-இல் கையில் பிடித்து ஆடும் ஸ்விட்சுக்கு, படத்தின் தெளிவை வெகுவாக இழந்தாலும் கதையில் ஒரு வரியும் குறையாமல், தன் இரண்டு கூடுதல் கதைகளோடும் 32 கிகாபைட் அட்டை ஒன்றுக்குள் வந்து சேர்ந்தது.

என் ஆதங்கத்தின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. நான் மிகவும் விரும்பி ஆடிய நீண்ட விளையாட்டு ஒன்று உண்டு. கன்ட்ரோலர் என் கையில் இருந்தாலும், அதை ஆடியது நானும் என் தங்கையும் சேர்ந்துதான். எந்த ஊர்த் தலைவனுக்கு எந்த வாக்குக் கொடுத்தோம், எந்தக் குகையைப் பாதியில் விட்டு வந்தோம் என்பதெல்லாம் அவளுக்குத்தான் நினைவிருக்கும். தொண்ணூறு மணி நேரத்துக்குப் பிறகு கதை முடிந்தபோது, முடிவில் ஒரு கேள்வி தொக்கி நின்றது. தொடர்ச்சி வரும் என்று இருவரும் நம்பினோம். தொடர்ச்சியும் வந்தது. அதே நாயகி, அதே உலகம், விட்ட இடத்திலிருந்து தொடங்கும் ஒரு டிஎல்சி, அதாவது பழைய விளையாட்டோடு இணையும் கூடுதல் கதை. அறிவிப்பின் கடைசி நொடிகளில் வந்த வரிசையில் புதிய கன்சோலின் பெயர் மட்டும் இருந்தது. "அண்ணா, அப்போ நம்ம சேவ் என்ன ஆகும்?" என்று, அதுவரை ஆடியதைச் சேமித்துவைத்த கோப்பைப் பற்றி அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

புதிதாகப் பிறக்கும் ஒரு விளையாட்டு புதிய கன்சோலுக்கு மட்டும் வரட்டும். அதில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு கன்சோலில் விற்ற கதையின் தொடர்ச்சியை அந்தக் கன்சோலுக்குத் தராமல் விடுவதை நான் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் 2022 பிப்ரவரியில் ப்ளேஸ்டேஷன் 4-க்கும் 5-க்கும் வந்தது. அதன் கூடுதல் கதையான பர்னிங் ஷோர்ஸ் 2023 ஏப்ரலில் 5-க்கு மட்டுமே வந்தது. சைபர்பங்கின் ஃபாண்டம் லிபர்ட்டியும் அதே ஆண்டு செப்டம்பரில் பழைய கன்சோல்களைத் தாண்டிப் போய்விட்டது. இதற்கு மாறாக, எல்டன் ரிங் 2022-இல் பழைய தலைமுறைக்கும் வந்ததோடு, 2024 ஜூனில் அதன் பெரிய டிஎல்சியான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயும் அதே பழைய கன்சோல்களுக்கு வந்தது. புதிய தலைமுறை தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன; படம் சில இடங்களில் தடுமாறியிருக்கலாம்; ஆனால் எங்கே கதையைத் தொடங்கினார்களோ அங்கேயே அதை முடிக்க அவர்களால் முடிந்திருக்கிறது.

அறிவித்துவிட்டுக் கைவிடுவதும் இதே வகைதான். பழைய கன்சோல்களுக்கும் வரும் என்று சொல்லப்பட்ட காத்தம் நைட்ஸ், வெளியாவதற்கு ஐந்து மாதங்கள் இருக்கும்போது, 2022 மே மாதத்தில், அந்தப் பதிப்புகளை ரத்து செய்தது. அதற்கு நேர் எதிர்த் திசையில் போன ஒன்றும் உண்டு: ஜெடாய் சர்வைவர் 2023 ஏப்ரலில் புதிய கன்சோல்களுக்கு மட்டும் வந்துவிட்டு, 2024 செப்டம்பரில் பழையவற்றுக்கும் வந்தது. ஒன்றரை ஆண்டு தாமதம் என்றாலும் அது தாமதம் மட்டுமே.

எப்போது பழைய கன்சோலை விடுவது என்பதை ரசிகர்கள் திட்டமிட முடியாமல் போனதற்கு நிறுவனங்களின் பேச்சும் ஒரு காரணம். 2020-இல் ஒரு பக்கம், தலைமுறைகளில் தங்களுக்கு நம்பிக்கை உண்டு என்று ப்ளேஸ்டேஷனின் அன்றைய தலைவர் ஜிம் ரயான் சொன்னார். அதைக் கேட்டவர்கள் பழையதன் காலம் முடிந்தது என்று எண்ணினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஹொரைசனும் கிரான் டூரிஸ்மோ 7-உம் காட் ஆஃப் வார் ராக்னராக்கும் ப்ளேஸ்டேஷன் 4-க்கும் வந்தன. மறுபக்கம் எக்ஸ்பாக்ஸை உருவாக்கும் மைக்ரோசாஃப்ட், தன் சொந்த விளையாட்டுகள் ஓரிரு ஆண்டுகளுக்குப் பழைய கன்சோல்களிலும் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. எனக்கு இந்த இரண்டாவது பேச்சுதான் பிடித்திருந்தது, அதில் ஒரு காலக்கெடு இருந்ததால். இடையில் சிப் தட்டுப்பாடு வந்து, வாங்க நினைத்தவர்களுக்கும் புதிய கன்சோல் கிடைக்காத காலம் ஒன்று நீண்டுகொண்டே போனது. ஆகையால் பழையதில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் விரும்பித் தங்கியிருந்தவர்கள் இல்லை.

புதிய கன்சோலை வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு மனக்குறை உண்டு, அதையும் நான் மதிக்கிறேன். பழையதன் எல்லைக்குள் அடங்குமாறே எல்லாவற்றையும் உருவாக்கிக்கொண்டிருந்தால், தாங்கள் வாங்கியதன் முழு வலிமையை எப்போது பார்ப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். 2000-இல் வந்த ப்ளேஸ்டேஷன் 2-க்கு 2013-இலும் புதிய கால்பந்து விளையாட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அதைக் காரணம் காட்டி மற்ற விளையாட்டுகள் எதுவும் முன்னேறாமல் நிற்கவில்லை. ஆண்டுதோறும் வரும் கால்பந்து போன்றவை பழையதிலும் நீடிக்கலாம், புதிய முயற்சிகள் முன்னே போகலாம், தொடங்கிய கதைகள் தொடங்கிய இடத்தில் முடியலாம். இந்த மூன்றுக்கும் ஒரே காலத்தில் இடம் இருந்திருக்கிறது.

பழைய கன்சோலின் கடைசிக் கட்டத்தில் எது எதுவரை இருக்கும் என்ற தேதிகளும் நமக்குத் தெரிய வேண்டும். ப்ளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றில், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஜிடிஏ ஆன்லைன் 2021 டிசம்பர் 16-ஆம் தேதி நிறுத்தப்படும் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லப்பட்டது. நண்பர்களைக் கூட்டிக் கடைசியாக ஒருமுறை அந்த நகரத்தைச் சுற்றிவர அந்த ஆறு மாதம் போதும்.

எங்கள் தொண்ணூறு மணி நேர சேவ் கோப்பைத் தங்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதன்மேல் விளையாட்டின் பெயரை எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்திருக்கிறாள். கன்சோலிலும் அது அப்படியே இருக்கிறது. சென்ற வாரம் அதைத் திறந்து பார்த்தோம். நாயகி கடலைப் பார்த்தபடி கரையில் நிற்கிறாள். தொடர்ச்சியின் கதை அந்தக் கடலுக்கு அப்பால்தான் நடக்கிறது. எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதற்காகத் தங்கை அவளை நீரில் இறக்கி நீந்த வைத்தாள். ஓர் எல்லைக்கு மேல், இதற்கப்பால் செல்ல இயலாது என்ற ஒரு வரி திரையில் வந்தது. அவளைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்து, சேவ் செய்துவிட்டு அணைத்தோம்.